எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா? ஸ்கேனுக்கு முன்பும், ரிப்போர்ட் வரும்வரையும் செய்ய வேண்டியவை

டாக்டர் சீட்டில் ‘எம்.ஆர்.ஐ. எல்.எஸ். ஸ்பைன்’ (இடுப்புப் பக்க முதுகுத்தண்டு) என்றோ ‘எம்.ஆர்.ஐ. பிரெய்ன்’ என்றோ எழுதிக் கொடுத்ததும் அவசரமாக எழுந்து வந்துவிடாதீர்கள். வெளியே அடுத்த டோக்கன்காரர் காத்திருப்பார், நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், எல்லாம் சரி. ஆனாலும் உட்கார்ந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டியவை சில இருக்கின்றன. எதைச் சந்தேகப்பட்டு இதை எடுக்கச் சொல்கிறீர்கள் சார்? அது இருந்தால் அடுத்து என்ன, இல்லை என்று வந்தால் என்ன? ரிப்போர்ட்டை எப்போது கொண்டுவந்து காட்டலாம்? கேட்க இரண்டு நிமிடம் ஆகாது. பதிலை அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முதுகுத்தண்டு, எனக்குத் தலை, மாமாவுக்கு முழங்கால் என்று ஸ்கேன் சென்டர் வாசலில் நிறையவே உட்கார்ந்தாகிவிட்டது. மெஷினுக்குள் இருக்கும் அரை மணி நேரத்தை யாராக இருந்தாலும் கொஞ்சம் தயாராகிப் போனால் கடந்துவிடலாம். அதற்குப் பிறகு, ரிப்போர்ட் கைக்கு வந்து டாக்டரைப் பார்க்கும்வரை இருக்கிற இடைவெளிதான் ஆளைப் பாடாய்ப் படுத்துகிறது. டாக்டர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இடைவெளி பாதி சுலபமாகிவிடுகிறது. தெரியாதவர்கள் ஊரில் யார் யாருக்கு என்னென்ன வந்ததோ அத்தனையும் தனக்கும் இருக்குமோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளை முதலில் சொன்னேன்.

எங்கே எடுப்பது, எவ்வளவு ஆகும்

டாக்டர் ஒரு சென்டரின் பெயரைச் சொன்னால் அங்கேதான் போக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. தனியாரில் எந்த உடல்பகுதி, கான்ட்ராஸ்ட் மருந்து (படம் பளிச்சென்று தெரியப் போடும் ஊசி) உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு மேலேயும் போகும், ஒரே ஊரிலேயே சென்டருக்குச் சென்டர் வித்தியாசம் இருக்கும். போனில் கேட்கும்போது கட்டணத்தோடு சேர்த்து ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் எல்லாம் அதில் அடங்குமா, கான்ட்ராஸ்ட் தேவைப்பட்டால் தனியாக எவ்வளவு என்றும் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிற ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன. தனியாரைவிடக் கட்டணம் நன்றாகவே குறைவு. அவசர கேஸ்களை முதலில் எடுப்பார்கள் என்பதால் மற்றவர்களுக்குத் தேதி கொடுத்து வரச் சொல்லலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் காப்பீட்டுக் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சொந்தமாக மெடிக்கல் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநோயாளியாகப் போய் எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. ஆனால் அதே பிரச்சினைக்காகப் பிறகு அட்மிட் ஆனால், அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள் அல்லது 60 நாள் செலவுகளைப் பாலிசியைப் பொறுத்துக் கேட்டு வாங்கலாம். ஆகவே பில்லையும் டாக்டர் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

1.5 டெஸ்லா நல்லதா, 3 டெஸ்லா நல்லதா என்று பலர் குழம்புகிறார்கள். டெஸ்லா என்பது காந்தத்தின் பலம். முதுகு, முழங்கால், சாதாரணத் தலைவலி விசாரணை போன்றவற்றுக்கு 1.5 தாராளமாகப் போதும். டாக்டர் குறிப்பாக 3 டெஸ்லாவில் எடுங்கள் என்று எழுதினால் மட்டும் அதைத் தேடிப் போங்கள். மூடிய இடம் என்றாலே பயப்படுகிறவர்கள் டெஸ்லாவைவிட மெஷினின் வாய் எவ்வளவு அகலம் என்று கேட்பது பிரயோஜனம். வழக்கமான குழாய் 60 சென்டிமீட்டர் அகலம், புதிய மெஷின்கள் பலவற்றில் 70 சென்டிமீட்டர். கேட்க என்னவோ பத்து சென்டிமீட்டர்தான், உள்ளே படுத்தவருக்கு அது பெரிய வித்தியாசம்.

உலோகம்: இதில் மட்டும் கூச்சமே கூடாது

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் மாதிரிக் கதிர்வீச்சு கிடையாது. உடம்பில் இருக்கிற தண்ணீர், கொழுப்பு ஆகியவற்றின் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தத்தால் வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்பும் சிக்னலை வைத்துப் படம் வரைகிறது. ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் உலோகத்தால் வருவதுதான். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு. ஸ்கேன் ஓடும்போது மட்டும் வேலை செய்கிற காந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரவைத்த கம்பிச்சுருள் அது, இரவு பகல் எந்நேரமும் காந்தமாகவே இருக்கும், கரன்ட் போனாலும் காந்தம் போகாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் உறவினரைப் பார்க்க வந்த இளைஞர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போனார். சிலிண்டரோடு சேர்த்து அவரையும் இழுத்துவிட்டது, உயிர் போய்விட்டது. துணைக்குப் போகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாவி, போன், ஏ.டி.எம். கார்டு, சில்லறை, பெல்ட் எல்லாம் வெளியேதான்.

நம் ஊர் உடம்பில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது கழற்ற ஆரம்பித்தால்தான் தெரியும். தோடு, மூக்குத்தி, மெட்டி, கொலுசு, வளையல், ஹேர்பின், சேஃப்டி பின், அரைஞாண் கயிற்றில் கோர்த்த தாயத்து, கையில் செம்புக்காப்பு, கழற்றி மாட்டும் பல்செட், காது மெஷின், கொக்கி வைத்த உள்ளாடை. தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காதே என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், ஆனால் அவை சூடாகலாம், அந்தப் பக்கத்துப் படத்தையும் கெடுத்துவிடும். மூக்குத்தித் திருகு பல வருடம் கழற்றாமல் இறுகிப்போயிருந்தால் முந்தின நாளே நகைக்கடை ஆசாரியிடம் போய்க் கழற்றிவிட்டு வாருங்கள். ஸ்கேன் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து திருகினால் மூக்குத்தான் புண்ணாகும். மெட்டிக்கு வீட்டிலேயே சோப்புத் தண்ணீர் போதும். ஜரிகை போட்ட புடவையும் வேண்டாம், மாற்றுடை கொடுத்தாலும் சாதாரணப் பருத்தித் துணியில் போவதே சௌகரியம். கண் மையும் மஸ்காராவும் கூட வேண்டாம், சிலவற்றில் இரும்பு கலந்த நிறமி இருக்கும்.

தாலி விஷயம் தனி. அம்மா எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தாலிச் சங்கிலியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அங்கே வேலை பார்க்கிற அக்கா ஒருவர் எதுவும் பேசாமல் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் கயிறும் சின்ன விரலிமஞ்சள் துண்டும் எடுத்து, “இதைக் கட்டிக்கிட்டு அதைக் கழட்டுங்கம்மா, வெளியே வந்ததும் மாத்திக்கலாம்” என்றார். அந்த இழுப்பறையில் அது மாதிரிக் கயிறு ஒரு கட்டே இருந்தது. எல்லா சென்டரிலும் இப்படி ஒரு அக்கா இருப்பார் என்று சொல்ல முடியாது, அதனால் வீட்டிலிருந்தே மஞ்சள் கயிறு கொண்டுபோய்விடுங்கள். கழற்றிய நகைகளைப் போட ஒரு ஜிப் வைத்த சின்னப் பையும், அதைப் பிடித்துக்கொண்டு உட்கார வீட்டு ஆள் ஒருவரும் அவசியம்.

வெளியே தெரிகிற நகையைவிட உள்ளே இருக்கிற உலோகம்தான் முக்கியம். அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள், பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், புரியவில்லை என்றால் வரிவரியாகத் தமிழில் கேட்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, தலையில் ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்க வைக்கும் குழாய்), இன்சுலின் பம்ப், தோலில் ஒட்டியிருக்கும் சுகர் சென்சார் இவற்றில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் என்றாலே முடியாது என்று அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகைகள் இப்போது உண்டு, ஆனால் அதற்கான அட்டையைக் காட்ட வேண்டும், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அதன் செட்டிங்கை மாற்ற ஆள் வேண்டும். இதய ஸ்டென்ட், எலும்புக்கு வைத்த டைட்டானியம் பிளேட், காப்பர்-டி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனாலும் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள்.

லேத், வெல்டிங், கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எப்போதாவது கண்ணில் இரும்புத் தூசு விழுந்திருந்தால், இருபது வருடத்துக்கு முந்தைய கதையாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். கண்ணுக்குள் ஒரு துணுக்கு தங்கியிருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே பறித்துவிடலாம், அதனால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களில் உடம்பில் ஷெல் துண்டு, குண்டுச் சிதறல் தங்கியிருப்பவர்கள் உண்டு. காயம் ஆறி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், யாரும் கேட்காவிட்டால் சொல்லத் தோன்றாது, சிலருக்குச் சொல்லவே மனம் வராது. தயவுசெய்து டெக்னீஷியனிடம் அதை மட்டும் சொல்லிவிடுங்கள். எப்படி நடந்தது என்ற கதையெல்லாம் தேவையில்லை, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்றால் போதும்.

சாப்பாடு, மாத்திரை, கான்ட்ராஸ்ட்

தலை, முதுகு, மூட்டு என்றால் பொதுவாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம். வயிறு, பித்தநாளம் பார்ப்பதானால் நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்பார்கள். மயக்கம் கொடுத்து எடுப்பதானால் அவர்கள் சொல்கிற நேரக்கணக்கை அப்படியே கடைப்பிடியுங்கள், குழந்தை பசிக்கு அழுகிறது என்று ஒரு வாய் பால் கொடுத்துவிட்டால்கூட ஸ்கேன் தள்ளிப்போகும். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் போடுகிறவர்கள் பட்டினி இருக்க வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

கான்ட்ராஸ்ட் என்று ஒரு ஊசி போடலாம். காடோலினியம் கலந்த மருந்து அது. வீக்கம், கட்டி, தொற்று இருக்கிற இடங்களைப் பளிச்சென்று காட்டும். கை நரம்பில் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாய் போட்டு ஏற்றுவார்கள், கை சில்லென்று ஆகும், சிலருக்கு வாயில் ஒரு மாதிரி உலோகச் சுவை வரும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், வெகுநாள் சர்க்கரைக்காரர்கள் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள், மிக அவசியம் என்றால் தவிர அப்போது இந்த ஊசி போட மாட்டார்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் இதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைய மருத்துவ நிலைப்பாடு.

உள்ளே

முதலில் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். இதைவிட உருப்படியான யோசனை என்னிடம் இல்லை. பாதியில் எழுந்தால் திரும்ப முதலிலிருந்து எடுக்க நேரிடலாம்.

தலையோ கழுத்தோ என்றால் முகத்துக்கு மேல் சிக்னலைப் பிடிக்கிற ‘காயில்’ என்ற கூண்டு மாதிரி ஒன்றை மாட்டுவார்கள், பயப்படுகிறவர்களுக்குப் பயம் அங்கேதான் தொடங்குகிறது. முழங்காலுக்குக் கால் முதலில் போகும், பெரும்பாலும் தலை வெளியேதான் இருக்கும். காதில் பஞ்சோ ஹெட்போனோ வைப்பார்கள், மறந்துவிட்டால் கேட்டு வாங்குங்கள். கையில் ஒரு ரப்பர் பல்பு கொடுப்பார்கள். அதை அழுத்தினால் உடனே அவர்களுக்குத் தெரியும், நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். கதவை மூடும் முன் ஒருமுறை அழுத்திப் பார்த்து, வெளியே மணி கேட்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்த நிமிடமும் வெளியே வந்துவிடலாம் என்பது தெரிந்தாலே பாதிப் பேருக்கு வெளியே வர வேண்டிய தேவையே வராது.

பயம் இருப்பவர்கள் மேஜை நகரத் தொடங்கும் முன்பே கண்ணை மூடிவிடுங்கள், அதுதான் சூட்சுமம். உள்ளே போன பிறகு, மூக்குக்கு நேரே கூரை தெரிவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவதில் பலன் குறைவு. கண்ணின் மேல் ஒரு சின்னத் துணி போடச் சொல்லிக் கேட்கலாம். காற்று வரட்டும் என்று உள்ளே ஃபேனைப் போடச் சொல்லலாம். வெறும் மூச்சை எண்ணுவது எனக்குச் சரிப்படவில்லை, மனதுக்குள் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை ஒவ்வொரு கடையாகப் பெயர் சொல்லிக்கொண்டு நடந்தேன், அது நன்றாக வேலை செய்தது. கந்தசஷ்டிக் கவசம், ஜெபமாலை, துவா என்று எது உங்களுக்கு மனப்பாடமோ அதைச் சொல்லலாம், உதடு அசைவது தலை ஸ்கேனில் படத்தைக் கலைக்கும் என்பதால் மனதுக்குள். அப்படியும் முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் டாக்டரிடம் லேசான தூக்க மருந்து கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும்.

சத்தம் பலமாகத்தான் இருக்கும். ரோட்டைக் குடைகிற டிரில்லிங் மெஷின் பக்கத்தில் படுத்திருப்பது போல இருக்கும், சட்டென்று நின்று, டக் டக் என்று வேறு தாளத்தில் ஆரம்பிக்கும். மெஷினுக்குள் இருக்கும் கிரேடியன்ட் காயில் என்ற கம்பிச்சுருள்களில் மின்சாரம் மின்னல் வேகத்தில் மாறி மாறிப் பாய்வதால் அவை அதிர்கின்றன, அதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு தாளமும் ஒரு சீக்வென்ஸ், அதாவது ஒரு வகைப் படத் தொகுதி, சில நிமிடங்கள் ஓடும். நடுவில் அமைதியாகும்போது எச்சில் விழுங்கலாம், மூச்சை நன்றாக இழுத்து விடலாம், ஆனால் உடம்பை நகர்த்தக் கூடாது. லேசாகச் சூடு தெரியலாம், அது சகஜம். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் சுட்டால் உடனே பல்பை அழுத்துங்கள். முதுகுவலியோடு மல்லாந்து படுப்பது சிரமம் என்றால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லுங்கள், வலி மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். தலைக்கோ இடுப்புத்தண்டுக்கோ சுமார் 20 முதல் 30 நிமிடம், முழு முதுகுத்தண்டு என்றால் ஒரு மணி நேரம் வரை போகலாம், கான்ட்ராஸ்ட் போட்டால் இன்னும் கொஞ்சம்.

காத்திருக்கும் நாட்கள்

வெளியே வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது டெக்னீஷியன் முகத்தைத்தான். அவர் சிரிக்கவில்லையே, இன்னும் இரண்டு படம் எடுக்கணும் என்றாரே, கான்ட்ராஸ்ட் போடணும் என்று உள்ளே போன் செய்து கேட்டாரே, போகும்போது “உடம்பைப் பாத்துக்கோங்க” என்றாரே என்று ஒவ்வொன்றையும் கோர்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். அதை விட்டுவிடுங்கள். ஒருவர் அசைந்துவிட்டால் படம் திரும்ப எடுப்பார்கள், சந்தேகத்தைத் தீர்த்து ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் கான்ட்ராஸ்ட் போடுவார்கள். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். டெக்னீஷியனிடம் “ஏதாவது தெரியுதா தம்பி” என்று கேட்பதில் பயனில்லை, அவருக்குச் சொல்ல அதிகாரமும் கிடையாது.

கிளம்பும் முன் கவுன்டரில் ரிப்போர்ட் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும், நேரில் வாங்க வேண்டுமா, போனுக்கு அனுப்புவார்களா, தாமதமானால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல சென்டர்களில் அன்று மாலையோ மறுநாளோ கிடைத்துவிடும், சிக்கலான கேஸ் என்றால் இன்னொரு ரேடியாலஜிஸ்டும் பார்க்க வேண்டியிருக்கும். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் பெரிய வியாதி என்று அர்த்தமில்லை. போன் போட்டுக் கேளுங்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ஸ்கேனுக்கு முன்பே வாங்கிவிடுவது என் ஒரே பிடிவாதம். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை மாலை வந்து, டாக்டர் திங்கட்கிழமைதான் இருப்பார் என்றால் அந்தச் சனி ஞாயிறு நரகம். முடிந்தால் ரிப்போர்ட்டும் டாக்டரும் ஒரே நாளில் அமையும்படி ஸ்கேன் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. முதுகுவலிக்காரருக்கு இரண்டு கால்களும் பலமிழந்தாலோ, மலம் சிறுநீர் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமலே சிறுநீர் போய்விட்டாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. திடீரென்று வாய் கோணுதல், கை கால் விழுந்துபோதல், பேச்சு குழறுதல், வலிப்பு, இதுவரை வராத மாதிரிக் கடுமையான தலைவலி இவற்றுக்கும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிடுங்கள். ரிப்போர்ட் பின்னால் வந்துகொள்ளட்டும்.

உறவுக்காரர்களைச் சமாளிப்பது ஒரு தனி வேலை. ஸ்கேன் எடுத்த செய்தி பரவினால் சாயங்காலத்துக்குள் பத்து போன் வரும், ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒரு மோசமான கதையைச் சொல்லிவிட்டு “நீ ஒண்ணும் கவலைப்படாதே” என்று முடிப்பார்கள். வீட்டில் ஒருவர் மட்டும் போன் எடுங்கள், “டாக்டரைப் பாத்துட்டு நானே கூப்பிடறேன் சித்தப்பா” என்பதோடு நிறுத்துங்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை டாக்டரைப் பார்க்கும்வரையாவது தவிருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்களுக்கு ஸ்கேன் என்றால் ரிப்போர்ட் மகன் கைக்குப் போகும், அவர் டாக்டரிடம் தனியாகப் பேசுவார், “ஒண்ணுமில்லம்மா, வெறும் நரம்புப் பிடிப்பு” என்று அம்மாவிடம் சொல்வார். அன்பினால்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் அம்மாவுக்கு அது பெரும்பாலும் புரிந்துவிடுகிறது, புரிந்தும் கேட்க முடியாமல் தனியாகத் தவிக்கிறார். ஸ்கேனுக்கு முன்பே, பதற்றம் இல்லாத ஒரு நேரத்தில், “என்ன வந்தாலும் உன்கிட்ட முழுசா சொல்லணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா” என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். உடம்பு அவருடையது.

ரிப்போர்ட்டைத் தனியாகப் படிக்க நேர்ந்தால்

கவரைப் பிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது, அதனால் பிரிக்காதே என்று சொல்லப் போவதில்லை. எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன். நடுவில் உள்ள நீளமான பகுதி ‘ஃபைண்டிங்ஸ்’. கண்ணில் பட்டது எல்லாவற்றையும், சரியாக இருப்பதையும் சேர்த்து, அங்கே எழுதுவார்கள். கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று சில வரி இருக்கும், சாரம் அதுதான். ‘ஹைப்பர்இன்டென்ஸ்’ என்றால் படத்தில் சுற்றுப்புறத்தைவிட வெள்ளையாகத் தெரிகிறது என்று மட்டுமே பொருள், அது நோயின் பெயர் இல்லை. டி2 என்ற வகைப் படத்தில் வெறும் நீர்கூட வெள்ளையாகத்தான் தெரியும். ‘லீஷன்’ என்றால் மாறுபட்டுத் தெரிகிற ஒரு இடம், புற்றுநோய் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ‘மைல்டு’ என்றால் லேசானது. ‘க்ளினிக்கலி கோரிலேட்’ என்று எழுதியிருந்தால், உங்களை நேரில் சோதித்த டாக்டர் இந்தப் படத்தை உங்கள் தொந்தரவோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று ரேடியாலஜிஸ்ட் சொல்கிறார்.

முதுகுத்தண்டு ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்குவது) இல்லாத ஆளைப் பார்ப்பதே அபூர்வம். 2015இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில், முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைக் கணக்கெடுத்தார்கள். டிஸ்க் பிதுக்கம் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கு இருந்தது, 80 வயதில் 84 சதவீதத்தினருக்கு. டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை வந்துவிட்டது என்பதற்காக ஆபரேஷன்தான் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பிதுங்கிய டிஸ்க் எந்த நரம்பை அழுத்துகிறது, அந்த நரம்பு போகிற காலில்தான் உங்களுக்கு வலி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தலை ஸ்கேனிலும் அப்படித்தான். சைனஸில் சவ்வு தடித்திருப்பது, வயதும் பிரஷரும் ஏறியவர்களுக்குச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருப்பது எல்லாம் அடிக்கடி வருபவை. தேடிப் போனது ஒன்று, வழியில் கண்ணில் பட்டது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் டாக்டர் எதைச் சந்தேகப்பட்டார் என்று முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னேன்.

‘நார்மல்’ என்று வந்து, வலி மட்டும் அப்படியே இருந்தால் உங்கள் வலி பொய் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். எம்.ஆர்.ஐ. உறுப்பின் அமைப்பைக் காட்டும், வலியைப் படம் பிடிக்காது. மைக்ரேன்காரர்களின் தலை ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாமல் ஃபிலிம், சி.டி. இரண்டையும் கொண்டுபோங்கள். நரம்பியல், எலும்பு டாக்டர்கள் பலர் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைத்தான் முதலில் விளக்கில் மாட்டுவார்கள். கூட ஒருவர் போய்க் குறிப்பெடுங்கள், கெட்ட செய்தி காதில் விழுந்ததும் அதற்குப் பிறகு சொன்ன எதுவும் மனதில் நிற்காது. ஆபரேஷன் என்று சொன்னால், மேலே சொன்ன அவசர அறிகுறிகள் எதுவும் இல்லாத பட்சத்தில், அதே சி.டி.யை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரைக் கேட்கலாம், புதிதாக ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

பிறகு அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சி.டி. நாளடைவில் கீறல் விழுந்து திறக்காமல் போகும், வீட்டில் சி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் பென் டிரைவில் முழு ஃபோல்டரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், படங்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டாம். ஃபிலிமைச் சுருட்டி வைக்காதீர்கள், டிவி மேலேயோ வெயில் படுகிற ஜன்னல் ஓரமோ காருக்குள்ளோ போடாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், சூட்டில் கறுத்துவிடுகிற வகை ஃபிலிம்தான் இப்போது பல இடங்களில் தருகிறார்கள். கவர் மேல் பெயர், தேதி, எந்தப் பகுதி என்று மார்க்கரால் பெரிதாக எழுதிப் பீரோவில் தட்டையாக வையுங்கள். இன்னொரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் ரேடியாலஜிஸ்ட் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான்.